பனிமலைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் கரியாஹாட் சந்திப்பில் நடைபாதைக் கடைகளின் தோற்றமே மாறிவிடும். அதுவரை பருத்திப் புடைவைகள் தொங்கிய கயிறுகளில் கம்பளிச் சட்டைகளும், முகத்தை மட்டும் வெளியே விட்டுக் காதையும் கழுத்தையும் மூடும் குரங்குக் குல்லாய்களும் தொங்கத் தொடங்கும். வெயில் சற்றே தணிந்தவுடன் நம் வங்காள அண்டை வீட்டார் நம் குழந்தைகளைப் பார்த்து, "டண்டா லேகே ஜாபே" என்று எச்சரிப்பார்கள். சளி பிடித்துவிடும் என்பது அதன் பொருள். குளிருக்கு இவ்வளவு அஞ்சும் அதே மக்கள்தாம் டிசம்பர் கடைசி வாரத்தில் பெட்டி படுக்கை சகிதம் சியால்டா நிலையத்தில் டார்ஜிலிங் மெயிலுக்குக் காத்து நிற்கிறார்கள் என்பதையும் நேயர்கள் அறிவீர்கள்.

இந்நகரில் நெடுநாள் வாழ்ந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்பழக்கம் தொற்றிக்கொண்டது. கோடை விடுமுறை ஊருக்கு; கிறிஸ்துமஸ் விடுமுறை மலைக்கு. முன்பெல்லாம் பனியைத் தொலைவிலிருந்து கண்டாலே போதும் என்றிருந்த குழந்தைகள், இப்போது பனியில் சறுக்கி விளையாட வேண்டும் என்று கேட்கிறார்கள். அழைத்துச் செல்வதா, வேண்டாமா என்பது பல வீடுகளில் எழும் கேள்வி. எங்கள் வீட்டிலும் எழுந்தது. அதற்கு நாங்கள் விடை கண்ட விதம் பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குல்மார்க்கிலிருந்து வந்த அழைப்பு

சென்ற ஐப்பசி மாதம் எங்கள் அலுவலகத்தில் மூன்று குடும்பத்தார் ஒன்று கூடி, காஷ்மீரத்திலுள்ள குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக் கற்கப் போவதென்று முடிவு செய்தார்கள். நான்காவது குடும்பமாக எங்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள். எனக்கு ஒரே மகள், வயது ஏழு. கைபேசியில் வந்த படங்களை அவள் பார்த்துவிட்டாள். சிவப்புச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்த தன் வயதுக் குழந்தைகள் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் காட்சி அவளை விட்டு அகலவில்லை.

"போகலாமா?" என்று மனைவியைக் கேட்டேன். உடனே மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காய் நறுக்கிக்கொண்டே, "மொத்தம் எத்தனை நாள் லீவுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு நாள்."

"அதில் பனியிலே எத்தனை நாள்?"

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தும், கால அட்டவணையை நாள்தோறும் கையில் பிடித்தும், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவே தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

நாட்கணக்கு

ஹவுராவில் இரவு ஹிம்கிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஜம்முவை அடைய ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மீது அந்த ரயில் செல்கிறது என்று சொல்லும்போது, எங்கள் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமை வேறு, நாட்கணக்கு வேறு. ஜம்முவிலிருந்து கட்ரா சென்று இரவு தங்கி, மறுநாள் ஸ்ரீநகர் சேர்ந்து, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலையில் குல்மார்க் போய்ச் சேர்வதற்குள் மூன்றாம் நாள் மாலை ஆகிவிடும். திரும்புவதற்கும் அவ்வளவே. எட்டில் ஆறு போனால் இரண்டு.

உத்தரகண்டிலுள்ள ஔலியையும் கணக்கிட்டேன். ஹரித்வார் வரை ரயிலில் ஒரு நாளுக்கு மேல். அதன்பின் ஜோஷிமட்டுக்கு மலைவழியே முழுப் பகல். தவிர, ஔலியில் சறுக்குவதற்கு ஏற்ற பனி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் நன்கு படியும். டிசம்பர் கடைசியில் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

விமானத்தில் போனால் ஒரே நாளில் போய்விடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பணத்தை விட்டுவிடுங்கள். கல்கத்தா கடல்மட்டத்திலிருந்து முப்பது அடி உயரம். குல்மார்க் ஏறத்தாழ 8,700 அடி. காலையில் முப்பதடியில் எழுந்த குழந்தை இரவில் 8,700 அடியில் உறங்க வேண்டும். இதனை விமானச் சீட்டில் யாரும் அச்சடிப்பதில்லை.

இரண்டு நாளில் என்ன கற்கலாம்?

பனிச்சறுக்கைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அது உயர்ந்த விளையாட்டு. காஷ்மீரத்தைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டபோது, இந்தியாவின் சார்பில் சென்ற ஒரே வீரர் அவர்தாம். சிறு வயதிலேயே தொடங்குவது இவ்விளையாட்டுக்கு நல்லது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்வார்கள்.

ஆயினும் முதற்பாடம் என்ன தெரியுமா? சறுக்குவதன்று, நிற்பது. இரு பலகைகளின் முன்நுனியை நெருக்கி, பின்புறத்தை அகற்றி, கலப்பையின் கொழுவைப் போல வைத்துக்கொண்டு வேகத்தை அடக்கப் பழக வேண்டும். சறுக்கல் பலகையோடு நடக்கவும், விழவும், விழுந்தபின் எழவும் பழகவே முதல் நாள் போதாது. ஏழு வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரத்தில் களைத்துவிடும். இரண்டாம் நாள் தொடைகள் வலிக்கும். மூன்றாம் நாள்தான் விளையாட்டின் இன்பம் புலப்படத் தொடங்கும். எங்கள் கணக்கிலோ மூன்றாம் நாள் நாங்கள் ரயிலில் இருப்போம்!

இவ்வளவும் எழுதி முடித்தபின்னும் என் மனம் போவதையே விரும்பியது. "இரண்டு நாளாவது ஆயிற்றே" என்றேன். மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். "போன வருஷம் நடந்ததை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மறக்கவில்லை. அதனைப் பற்றிப் பேசாமல் இருந்தோம், அவ்வளவே.

ஏரிக்கரையில் நடந்தது

முந்திய ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் சிக்கிமுக்குப் போயிருந்தோம். நியூ ஜல்பாய்குரியில் காலை இறங்கி மாலைக்குள் காங்டாக். அதன் உயரம் ஏறத்தாழ 5,400 அடி. மறுநாள் காலையே வாடகை வண்டியில் சாங்கு ஏரிக்குப் புறப்பட்டோம். காங்டாக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஏரி இருப்பதோ 12,300 அடிக்கு மேல். அந்தச் சிறு தொலைவுக்குள் ஏறத்தாழ ஏழாயிரம் அடி ஏறிவிட்டோம் என்பதை அப்போது நான் கணக்கிடவில்லை.

ஏரியின் ஓரங்கள் உறைந்திருந்தன. பாறை நிழல்களில் வெண்பனி படிந்திருந்தது. நம் மொழியில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் பனியும் உண்டு. கண்ணை மறைக்கும் மூடுபனியும் உண்டு. உதகையில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியும் உண்டு. வானிலிருந்து பஞ்சு போல இறங்கித் தரையில் தங்கும் பனியைக் கண்ட தமிழர் மிகச் சிலரே. நானும் அன்றுதான் முதன்முறை கண்டேன். ஆகவே குழந்தையைவிட எனக்கே ஆவல் அதிகமாயிருந்தது. அலங்கரித்த யாக் எருமை மீது அவளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று நின்றேன்.

அவள் மூன்று முறை தலையைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட்டை வேண்டாம் என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். மலைச்சாலை வளைவுகளால் வந்த குமட்டல் என்று வண்டிக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். "கொஞ்சம் சிரி, ஒரே ஒரு படம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவு செய்து என்று ஏதோ சொன்னேன்.

அருகில் நின்ற ராணுவ வீரர் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவளை உடனே கீழே கொண்டுபோங்கள், நிற்காதீர்கள்" என்று இந்தியில் கடுமையாகச் சொன்னார். இறங்கினோம். வழி முழுதும் தாயின் மடியில் கிடந்தாள். காங்டாக்கை நெருங்கியபோது கண்ணைத் திறந்து, "இட்லி கிடைக்குமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் போல இனிய சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வைத்தியர் சொன்ன விளக்கம்

இந்த முறை முடிவு செய்வதற்கு முன் எங்கள் பகுதியிலுள்ள குழந்தை வைத்தியரிடம் சென்று எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

மலைமீதும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயு குறைகிறது. டார்ஜிலிங்கில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. குல்மார்க்கில் நான்கில் மூன்று பங்கு. சாங்கு ஏரியில் மூன்றில் இரண்டு பங்கே. நம் உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். ஏறத்தாழ எட்டாயிரம் அடிக்கு மேல் விரைந்து ஏறினால் யாருக்கும் மலைநோய் வரலாம். வலிமையானவருக்கு வராது என்பது தவறான எண்ணம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஆபத்து நெருங்கிவிட்டது. மூளையிலோ நுரையீரலிலோ நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். அப்போது தாமதமின்றிக் கீழே இறக்குவதே முதல் சிகிச்சை. மாத்திரைகள் உண்டு, ஆனால் வைத்தியர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கலாகாது.

"சிறு குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழும், உண்ண மறுக்கும், விளையாடாது. மலைமீது குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது மலைநோய்தான் என்று கொண்டு நடந்துகொள்ள வேண்டும். வளைவுகளால் வந்த குமட்டலாக இருந்து போகட்டுமே, இறங்கியதால் நஷ்டம் ஒன்றுமில்லை" என்றார்.

"இப்போது ஏழு வயது ஆகிவிட்டது, டாக்டர். சொல்லத் தெரியும்" என்றேன்.

"சொல்லத் தெரியும். சொல்வாளா என்று கேட்டுப் பாருங்கள்" என்றார் அவர்.

மகள் சொன்ன சொல்

அன்று மாலை அவளை அழைத்துக்கொண்டு ஏரிப் பூங்காவில் நடந்தேன். "குல்மார்க் போனால் அங்கே ரொம்பக் குளிரும், போன வருஷம் மாதிரி உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

அவள் சற்றும் யோசிக்கவில்லை. "இந்தத் தடவை வாந்தி எடுக்க மாட்டேன் அப்பா. தலை வலிச்சாலும் சொல்ல மாட்டேன். நீங்க கோபப்பட வேண்டாம்" என்றாள்.

நேயர்களே! அதற்குமேல் எனக்கு நடக்க முடியவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரையில் நடந்ததை அவள் ஓர் ஆண்டாகத் தன் குற்றமாகவே மனத்தில் வைத்திருந்தாள். தந்தையின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டோம் என்று எண்ணியிருந்தாள். அடுத்த முறை நல்ல பெண்ணாக இருந்து, வலியை மறைத்துவிடுவதென்று முடிவும் செய்திருந்தாள். வலியை மறைக்கத் துணிந்த குழந்தையை 8,700 அடி உயரத்திற்கு அழைத்துச் செல்வதைவிடப் பேதைமை வேறு உண்டோ? அவள் தவறு ஒன்றுமில்லை. கற்பித்தவன் நான்.

அன்றே முடிவாயிற்று. குல்மார்க் இந்த ஆண்டு இல்லை. அலுவலக நண்பர்களிடம் காரணத்தைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், மற்றொருவர் தம் ஐந்து வயது மகனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். மகளிடம், "உன் உடம்பு உன்னிடம் சொல்வதை நீ எங்களிடம் சொல்ல வேண்டும். அதுதான் நல்ல பெண்ணின் வேலை. சொன்னால் உடனே திரும்புவோம். யாரும் கோபப்பட மாட்டோம்" என்று சொன்னேன். ஒரு முறை சொன்னால் குழந்தை நம்பாது என்பதை அவள் கண்களில் கண்டேன். நடந்து காட்ட வேண்டும். அதற்காகவே டார்ஜிலிங் சென்றோம்.

டார்ஜிலிங்கில் மூன்று இரவு

டார்ஜிலிங் ஏறத்தாழ 6,700 அடி உயரத்தில் உள்ளது. இரவு சியால்டாவில் ஏறினால் காலை நியூ ஜல்பாய்குரி; மாலைக்குள் மலைமேல். போக ஒரு நாள், வர ஒரு நாள். ஊரில் பனி விழுவது மிக அபூர்வம். ஆனால் டிசம்பரில் வானம் தெளிந்திருந்தால் 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவின் வெண்பனி கண்ணெதிரே நிற்கும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுக்கச் சென்ற இமயம் இது என்று சொன்னபோது, "இவ்வளவு பெரிசா?" என்று மகள் வியந்தாள்.

1881-இல் டார்ஜிலிங்கை எட்டிய சிறிய ரயிலில் கூம் வரை சென்று வந்தோம். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடி அகலமே உள்ள அந்தப் பாதையை 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கீழிருந்து முழுத் தொலைவும் அதில் வந்தால் ஏறத்தாழ ஒரு பகல் முழுதும் ஆகும். குழந்தையுள்ளோருக்குக் கூம் வரை போய்த் திரும்புவதே ஏற்றது. 7,407 அடி உயரத்திலுள்ள கூம் நிலையத்தில் சுடச்சுடத் தேநீர் அருந்தினோம். மலையேற்றப் பயிற்சிக் கழகத்தையும் பார்த்தோம். எவரெஸ்டை 1953-இல் வென்ற டென்சிங் நார்கே, மறு ஆண்டு அக்கழகம் தொடங்கியபோது அதன் களப்பயிற்சித் தலைவராக இருந்தவர். அதை ஒட்டிய விலங்குக் காட்சிசாலையில் செம்பாண்டாவைப் பார்த்துவிட்டு மகள் அரை மணி நேரம் நகரவில்லை.

கடைசி நாள் விடியற்காலை டைகர் ஹில் சென்று சூரியோதயம் காண ஏற்பாடு செய்திருந்தோம். மூன்றரை மணிக்கு எழுந்து, கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வண்டி நின்றது. மகள் படியில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்பா, எனக்கு முடியலே. தலை வலிக்குது. போக வேண்டாம்" என்றாள்.

வண்டிக்காரருக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அறைக்குத் திரும்பி மூவரும் ஒரே ரஜாயின் கீழ் படுத்தோம். அவள் உடனே உறங்கிவிட்டாள். ஏழு மணிக்கு எழுந்தபோது தலைவலி இல்லை. சன்னலுக்கு வெளியே கஞ்சன்ஜங்கா வெயிலில் ஒளிவீசிக்கொண்டிருந்தது. மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் கோப்பைத் தேநீரில் பாதியை என் கோப்பையில் ஊற்றினாள்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

பனிமலைக்குப் போகவே கூடாது என்பது என் அபிப்பிராயம் அன்று. போக எண்ணுவோர் சிலவற்றைக் கவனித்தல் நலம்.

மொத்த விடுமுறையில் பாதிக்கு மேல் வழியிலேயே கழியுமானால் அந்தப் பயணம் குழந்தைக்கு இன்பம் தராது. சறுக்குக் கற்பதானால் பனியில் நான்கு நாளாவது வேண்டும். ஆசிரியரும், அளவான தலைக்கவசமும் வேண்டும்.

எட்டாயிரம் அடிக்கு மேல் போவதானால் இடையில் ஓர் ஊரில் ஓரிரு இரவு தங்கி ஏறுங்கள். காங்டாக்கில் இறங்கிய மறுநாளே சாங்கு ஏரிக்கு ஓட வேண்டாம். சளி, காது வலி, காய்ச்சல் இருந்து ஆறாத குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம். இதயத்திலோ நுரையீரலிலோ குறை உள்ள குழந்தையானால் வைத்தியரின் சம்மதம் கட்டாயம்.

சிறு உடலிலிருந்து வெப்பம் விரைவில் வெளியேறும். முதுகில் தூக்கிச் செல்லப்படும் குழந்தை அசைவின்றி இருப்பதால் நமக்கு வியர்க்கும்போதே அதற்குக் குளிரும். உடலை ஒட்டிப் பருத்திச் சட்டை போடாதீர்கள். அது வியர்வையைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்துவிடும். மெல்லிய கம்பளி உள்ளே, தடித்தது மேலே, காற்று புகாத சட்டை வெளியே. விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறையே விரல் பிரிந்ததைவிடச் சூடானது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் குழந்தையை ஒரு கேள்வி கேளுங்கள். "உடம்புக்கு முடியாவிட்டால் என்ன செய்வாய்?" "அப்பாவிடம் சொல்வேன்" என்று அது தயக்கமின்றி விடை கூறினால் பெட்டியைக் கட்டலாம். விடை வேறாக இருந்தால், திருத்த வேண்டியது குழந்தையை அன்று.

குல்மார்க்கின் பனி அடுத்த ஆண்டும் விழும். அதற்கடுத்த ஆண்டும் விழும். பத்து நாள் விடுமுறை சேர்த்துக்கொண்டு, மகளையும் கலந்து பேசிக்கொண்டு, ஒரு நாள் நாங்களும் போவோம். சறுக்கப் போகிறவள் அவள். திரும்பலாம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதே.